கேஸ் மாத்திரையும் பதினாறு லட்சம் எழுத்துகளும்

1

இந்த ஊருக்கு வந்து பதினைந்து ஆண்டு முடிந்த வாரத்தில் வசிப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். இந்த ஊர் என்பது போர்ட்டோ. போர்ச்சுக்கல்லின் வடக்கே, ஆறு கடலில் சேரும் இடம். அலுவலகத்தில் டோக்கன் எடுத்து, திரையில் நம் எண் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ராஜபாளையத்தில் ரேஷன் வரிசையில் செங்கலை வைத்து இடம் பிடித்து வளர்ந்தவளுக்கு இது ஓய்வு.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மையார் என்ன வேலை என்று கேட்டார். மனிதர் வயிற்றில் இருக்கும் பாக்டீரியாவுக்குள் இருக்கும் வைரஸைத் தேடுகிறேன் என்றேன். அவர் விசைப்பலகையில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"கிடைத்தால் எடுத்துவிடுவீர்களா?"

"இல்லை. இருக்கிறது என்று எழுதிவைப்போம்."

அவருடைய கணினியில் அதற்கு ஒரு பிரிவு இல்லை. மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு, துப்புரவும் சுகாதாரமும் என்ற பிரிவில் என்னைச் சேர்த்தார். அட்டை சொன்ன தேதியில் வந்துவிட்டது. நான் திருத்தம் கேட்கவில்லை. ஆறு ஆண்டு நாளிதழில் வேலை பார்த்தவள். இறந்தவரின் புகைப்படத்துக்குப் பதில் இரங்கல் தெரிவித்தவரின் படத்தைப் போட்டுவிட்டு மறுநாள் உள்பக்கத்தில் வருந்திய அனுபவம் உண்டு. திருத்தத்தை யாரும் படிப்பதில்லை.

அந்தப் பிரிவு முழுத் தவறும் இல்லை. கடந்த ஆண்டு என் வேலையில் பாதி, ஒரு மாத்திரையை ஒருவர் வயிற்றிலிருந்து அப்புறப்படுத்துவதாகத்தான் இருந்தது. அந்த ஒருவர் என் அண்ணன்.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் படித்தேன். வேலை கிடைத்தது மதுரையில், ஒரு நாளிதழின் உதவி ஆசிரியராக. கல்யாணமாகி, கணவருக்குத் துறைமுகத்தில் கணினி வேலை என்று இங்கே வந்து, மொழி படித்து, கடைசியில் ஓர் ஆய்வகத்தில் தரவு சரிபார்ப்பவராகச் சேர்ந்தேன். படித்த படிப்பும் பார்த்த வேலையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தது அப்போதுதான்.

ஹெலிகோபேக்டர் என்று ஒரு பாக்டீரியா. முறுக்கு உடைந்த துண்டுபோல வளைந்திருக்கும். இரும்பையும் அரிக்கும் வயிற்று அமிலத்துக்குள் குடியிருக்கிறது. பலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்குப் புண், மிகச் சிலருக்குப் புற்று. அதன் மரபணுத் தொகுதியை எழுத்தாக்கினால் ஏறத்தாழ பதினாறு லட்சம் எழுத்து வரும். நான்கே எழுத்துகள், மாறி மாறி.

பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். நுழைந்ததும் சில வைரஸ்கள் உடனே பெருகி, வீட்டைக் கொன்றுவிட்டு வெளியேறும். வேறு சில அவசரப்படாது. பாக்டீரியாவின் எழுத்துக்கு நடுவில் தன் எழுத்தைச் செருகிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பாக்டீரியா பிரியும்போதெல்லாம் இதையும் தன்னுடையது என்றே நினைத்துப் படியெடுக்கும். ஹெலிகோபேக்டருக்குள் இப்படி எதுவும் கிடையாது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். தேடாததால் கிடைக்கவில்லை.

தேடுவது எனக்குப் புதிதல்ல. தாலுகா நிருபர் அனுப்பிய செய்தியின் நடுவில் நான்கு பத்தி மட்டும் வேறு நடையில் இருந்தால், அது அரசியல் கட்சியின் அறிக்கையிலிருந்து ஒட்டியது என்று மேசையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். இங்கேயும் அதுதான். மென்பொருள் சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்டும். அங்கே எழுத்துகளின் விகிதம் மாறுகிறதா என்று பார்ப்பேன். வெட்டி ஒட்டும் வேலையைச் செய்யும் மரபணு ஒரு முனையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதன் பெயர் இன்டெக்ரேஸ். அது இருந்தால் வைரஸின் தலை, வால் செய்யும் மரபணுக்களைத் தேடுவேன். பெரும்பாலும் முழுதாக இருக்காது. வால் இருக்கும், தலை தேய்ந்திருக்கும். முழு வைரஸ் என்றால் முப்பதாயிரம் எழுத்துக்குப் பக்கத்தில் வரும். அப்படி ஒன்று கிடைத்தால் ஆய்வகத்தில் கேக் வெட்டுவார்கள்.

இதை என் மகள் ஷரனுக்கு விளக்க முயன்றேன். அவள் இங்கே பிறந்தவள், பதினான்கு வயது. நமக்குக் கிட்டாத உதாரணமா என்று, நம் மொழிக்குள் ஒட்டிக்கொண்ட போர்ச்சுக்கீசியச் சொற்களைச் சொன்னேன். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி. கேட்டுவிட்டுப் போர்ச்சுக்கீஸில் சொன்னாள்: "அப்போ நீ இத்தனை நாளா தப்பான போர்ச்சுக்கீஸ் பேசலியா? நான் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன்."

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் "சாவி எங்கே?" என்று கேட்டால் "ஷாவ்" என்று திருத்துவாள். பள்ளியில் தோழிகள் முன் என்னைப் பேசவிடமாட்டாள். அம்மா பாவம், முயற்சி செய்கிறாள் என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள்.

3

ஹெலிகோபேக்டர் பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. அநேகமாகத் தாயிடமிருந்து. தாய்மொழியும் அப்படித்தான் என்பார்கள்.

இங்கே வந்த முதல் ஆண்டில் எனக்கும் சோதித்தார்கள். இருந்தது. மருந்து சாப்பிட்டேன், போய்விட்டது. ஷரன் அதற்குப் பிறகு பிறந்தாள். ஒன்றை அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று முயன்றேன், மற்றொன்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று முயன்றேன். முடிவு இரண்டிலும் ஒன்றுதான். அவளிடம் எதுவும் தங்கவில்லை.

4

எங்கள் ஆய்வகத்தில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த எழுத்துக் கோப்புகள் இருக்கின்றன. வைரஸின் எழுத்தை வைத்து, அதைச் சுமந்த மனிதரின் முன்னோர் எந்தப் பக்கத்தவர் என்று ஓரளவு சொல்ல முடியும். தென்தமிழ்நாட்டிலிருந்து எங்களிடம் ஒன்றுகூட இல்லை. தலைவர் தெரேசா ஒரு கூட்டத்தில், "அங்கே யாரையாவது உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அங்கே மட்டும்தான் யாரையாவது தெரியும்.

அனுமதிகள் வாங்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வயிற்றுத் துணுக்கு எதுவும் நாட்டைவிட்டு வராது, எழுத்து மட்டும் வரும் என்று முடிவானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எண்டாஸ்கோப்பி செய்துகொள்ள வருபவர்களில் சம்மதிப்பவர்களிடம் ஒரு துணுக்கு கூடுதலாக எடுப்பார்கள். அது மதுரைக்குப் போகும். மதுரையில் தட்டில் வளர்த்து, எழுத்தாக்கி, கோப்பாக அனுப்புவார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்.

கோப்புகள் வரவில்லை. மதுரையிலிருந்து வந்ததெல்லாம் ஒரே மாதிரியான மின்னஞ்சல்: தட்டில் எதுவும் வளரவில்லை. வயிற்றெரிச்சலோடு வந்த இத்தனை பேரில் யாருக்கும் கிருமி இல்லை என்பது நம்பும்படியாக இல்லை. மதுரைக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரைக் குறை சொன்னார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வழியில் ஐஸ் உருகியதைச் சொன்னார்கள்.

இதற்கிடையில் அண்ணன் போனில் பேசினான். ஜெபராஜ் என்று பெயர். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் ஷிப்ட் மேஸ்திரி. பல வருடமாக மேல்வயிற்றில் வலி. மதினி நச்சரித்து அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள்.

"குழாய விட்டுப் பாத்துட்டாவ. லேசா செவந்திருக்காம். கிருமி இல்லவே இல்லையாம். உங்க ஆபீஸுக்குன்னு ஒரு துண்டு வெட்டிக் கேட்டாவ. எடுத்துக்கிடுங்கன்னுட்டேன். தங்கச்சி பொழப்புலா."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எங்கள் அப்பா வயிற்றுப் புற்றில் இறந்தவர். ஒரே ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு, இரண்டு வருடம் வாயு என்று சொல்லிச் சோடா மாவைக் கரைத்துக் குடித்தார். கண்டுபிடித்தபோது சாப்பாடு இறங்குவது நின்றிருந்தது. அவருக்கு அப்போது இருந்த வயது அண்ணனுக்கு இப்போது. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இருந்த கிருமி அவனுக்கு இல்லை என்கிறது காகிதம்.

செய்தி மேசையில் இருக்கும்போது இப்படி ஒரு வரி வந்தால் நிருபரைத் திரும்பக் கூப்பிடுவோம்.

5

மருத்துவமனையில் மாதிரி எடுக்கும் பொறுப்பு செல்வராணி சிஸ்டருடையது. முன்பின் பார்த்ததில்லை, போனில் பழக்கம். சம்மதம் வாங்குவதிலிருந்து டப்பாவில் ஐஸ் போடுவதுவரை படிப்படியாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார். ஒரு பிழையும் இல்லை.

"மருந்து மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்கிறீர்களா?"

"கேக்காம இருப்பமா மேடம்? எல்லார்ட்டயும் கேக்கோம். ஒண்ணும் சாப்பிடலன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ. சுகர்காரவிய மட்டும் சுகர் மாத்திரைம்பாவ."

"கேஸ் மாத்திரை?"

"அது மாத்திரையா மேடம்? அது நானே காலைல போட்டுட்டுத்தான வாரேன்."

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இந்தக் கிருமியை ஒடுக்கி வைக்கும். கொல்லாது. கிருமி சோதனைக்குக் கிட்டாமல் வயிற்றின் மேல்கோடியில் பதுங்கிவிடும். சோதனையில் இல்லை என்று வரும், தட்டில் வளராது. ஆகையால் சோதனைக்கு முன் இரண்டு வாரமாவது நிறுத்த வேண்டும் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்கள் படிவத்திலும் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் கேஸ் மாத்திரையை யாரும் மருந்தென்று கணக்கில் சேர்ப்பதில்லை. காய்ச்சலுக்குப் போடுவது மாத்திரை. இது சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதுபோல ஒரு பழக்கம். பல் விளக்குகிறீர்களா என்று டாக்டர் கேட்டால்தானே சொல்வார்கள்.

அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நீ மாத்திரை ஏதும் போடுதியா?"

"நானா? ஒரு மாத்திரையும் கெடையாது. ஒடம்பு இரும்பு மாதிரி இருக்கு."

"கேஸ் மாத்திரை?"

"அது போடாம எப்படிட்டி? காலைல ஒண்ணு, நைட் ஷிப்டுன்னா சாயங்காலம் ஒண்ணு. பத்துப் பன்னெண்டு வருசமா போடுதேன்."

"டாக்டர்ட்ட சொன்னியா?"

"அவரு மாத்திரை சாப்பிடுதியான்னுல்லா கேட்டாரு."

பின்னாலிருந்து மதினியின் குரல் வந்தது. "சட்டப் பைல எப்பவும் ஒரு அட்ட கெடக்கும் கிரேஸு. மில்லுல யாருக்கு வயிறு பொருமுனாலும் இவியட்டதான் வருவாவ. அரை டாக்டரு."

டாக்டரிடம் பேசச் சொன்னேன். மதினி அடுத்த நாளே போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி வரச் சொன்னாராம். செல்வராணி சிஸ்டரின் கேள்வியும் மாறியது. "இந்த ரெண்டு வாரத்துல கேஸ் மாத்திரை போட்டீங்களா?" என்று நேரடியாகக் கேட்க ஆரம்பித்தார். அந்த வாரம் எண்டாஸ்கோப்பிக்கு வந்தவர்களில் திருப்பி அனுப்பப்படாதவர் ஒரே ஒருவர். அவரும் மூன்று வாரத்துக்கு முன் அட்டை தீர்ந்துபோய் வாங்க மறந்தவர்.

6

அண்ணன் மறுத்துவிட்டான்.

"ரெண்டு வாரமா? நெஞ்செரிஞ்சே செத்துருவேன். ஒருக்கா பாத்துட்டு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாவ. பொறவு என்ன திருப்பித் திருப்பி? வயிறா, கெணறா, எட்டி எட்டிப் பாக்க?"

"அந்த இல்லங்கிறது பொய்யின்னுதான் சொல்லுதேன்."

"நீ போர்ச்சுக்கல்ல இருந்துக்கிட்டு என் வயித்தப் பாத்தியா?"

வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்லும் யோசனைக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. கேட்டுக்கொள்வார்கள், செய்யமாட்டார்கள்.

"அப்பாவும் ஒருக்காதான் பாத்தாவ" என்றேன். போன் துண்டிக்கப்பட்டது. லைன் போனதா, அவன் வைத்தானா என்று தெரியவில்லை. மறுநாள் மதினி குறுஞ்செய்தி அனுப்பினாள்: இன்று காலை போடவில்லை.

நான்காம் நாள் மில்லில் யாரிடமோ வாங்கிப் போட்டுவிட்டான். மதினி அதைச் சட்டைப் பையில் கிழிந்த தாளைக் கொண்டு கண்டுபிடித்தாள். கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. இரண்டாம் முறை தொடங்கியதன் நடுவில் அவர்கள் சர்ச்சில் அசனம் வந்தது.

தெரியாதவர்களுக்கு: அசனம் என்பது திருச்சபை விழாவில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சர்ச் வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொதிக்கும். அண்ணன் ஒவ்வொரு வருடமும் குழம்பு வாளி தூக்குபவன். பரிமாறி முடித்துக் கடைசிப் பந்தியில் உட்காருவான். அதன்பின் வேறொரு பந்தி உண்டு. கை கழுவிவிட்டு ஆண்கள் ஒவ்வொருவராக அவனிடம் வந்து கையை நீட்டுவார்கள். அவன் அட்டையைப் பிதுக்கி ஆளுக்கொரு மாத்திரை கொடுப்பான். பிரசாதத்தை நம்பாதவர்கள்.

அன்று மதினி வீடியோவில் காட்டினாள். அண்ணன் வேப்பமரத்து நிழலில் நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே மூன்று பேர் கை நீட்டி நின்றார்கள்.

"இல்லப்பா" என்றான் அண்ணன்.

"இல்லையா? ஏலே, மேஸ்திரிட்ட இல்லையாம்லே!"

"என்ன மேஸ்திரி, நமக்குள்ள ஒளிச்சு வைக்கியளா?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாருப்பா."

"அது மாத்திரையே கெடையாதே, அத எதுக்கு நிறுத்தணும்?"

அண்ணன் செல்பேசிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். "கேட்டியா?" என்றான். அவன் அன்று கறி சாப்பிடவில்லை. ரசம் ஊற்றி இரண்டு கவளம் சாப்பிட்டதாக மதினி சொன்னாள். அவனை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். அசனத்தில் கறியை விட்டான் என்றால் வலி எவ்வளவு என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். நான் போட விரும்பவில்லை.

7

இரண்டாம் எண்டாஸ்கோப்பி முடிந்த அன்று குடும்ப வாட்ஸாப் குழுவில் மூன்று படம் வந்தது. முதல் படம், கட்டிலில் கட்டைவிரலை உயர்த்தியபடி அண்ணன். இரண்டாவது, மருத்துவமனை கேண்டீன் இட்லி. மூன்றாவது, ஐஸ் டப்பாவில் இருந்த சின்னக் குப்பியின் நெருக்கமான படம். ஒட்டியிருந்த சீட்டில் எண் தெளிவாகத் தெரிந்தது. கீழே எழுதியிருந்தான்: "கிரேஸ், இதுதான் என்னது. மத்ததோட கலந்துராம பாத்துக்க."

அந்த எண் இருப்பதே அது யாருடையது என்று எனக்குத் தெரியாமல் இருப்பதற்குத்தான். அதற்காகத்தான் ஓர் ஆண்டு அனுமதிக்கு அலைந்தோம். குழுவில் உள்ள எங்கள் சித்தப்பா, அத்தை, திருச்சியில் இருக்கும் அவர்கள் சம்பந்தி உட்பட எல்லோருக்கும் இப்போது தெரியும். பலர் கைகூப்பும் சின்னம் போட்டிருந்தார்கள்.

டாக்டர் மதினியிடம் சொன்னது வேறு. இந்த முறை மாத்திரையின் மூடாக்கு இல்லாததால் வயிறு உள்ளதை உள்ளபடி காட்டியது. கிருமி இருக்கிறது. புண் இருக்கிறது. புண்ணின் ஓரம் ஒரு பக்கம் தடித்திருக்கிறது. அங்கிருந்து துணுக்குகள் எடுத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாள் ஆகும். "பயப்படாதீங்க" என்றாராம். அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் தெரேசாவின் அறைக்குப் போய், ஒரு மாதிரியின் எண் எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் சகோதரனுடையது என்றேன். எப்படித் தெரிந்தது என்றார். படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, படத்தைப் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தார். இப்படி ஒரு நெறிமுறை மீறலை எந்தக் கையேடும் எதிர்பார்க்கவில்லை என்றார். அந்தக் கோப்பை நான் தொடக் கூடாது என்றும், சக ஊழியர் ருய் பார்ப்பார் என்றும், காரணத்தை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் முடிவு செய்தார். நான் எழுந்துபோகும்போது, "இட்லி நன்றாக இருந்ததாமா?" என்று கேட்டார். அவர் வேறு எதையோ கேட்க நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தது.

அந்தப் பத்து நாளும் நான் வேறு நாட்டு வயிறுகளைப் படித்தேன். பிழையில்லாமல் படித்தேன் என்று பின்னர் சரிபார்த்தவர்கள் சொன்னார்கள். ஷரன் ஒருநாள் சாப்பாட்டின்போது, "மாமாவுக்கு எப்படி இருக்கு?" என்று தமிழில் கேட்டாள். என் காதில் விழுந்தது சரிதானா என்று அவளையே பார்த்தேன். "என்ன, தப்பா சொன்னேனா?" என்றாள். இல்லை என்றேன்.

8

முடிவு வந்தது. புற்று இல்லை. நாட்பட்ட புண்ணும் வீக்கமும்தான். கிருமியைக் கொல்ல இரண்டு வாரத்துக்கு மருந்து எழுதினார்கள். அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்ட குரலில் ஒரு வெற்றி இருந்தது.

"என்ன மருந்து குடுத்திருக்காவ தெரியுமா? ரெண்டு ஆன்டிபயாடிக். அதுகூட, கேளு, கேஸ் மாத்திரை. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. டாக்டரே கைப்பட எழுதியிருக்காரு."

"அது மருந்து வேலை செய்யறதுக்காகண்ணே."

"பன்னெண்டு வருசமா நான் அதைத்தானட்டி செஞ்சேன். மீதி ரெண்டு மாத்திரதான் எனக்குத் தெரியாமப் போச்சு."

இதே சமயத்தில் ருய் அவனுடைய கோப்பைத் திறந்திருந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த எண் ஒன்றுக்குள் முழு வைரஸ். இன்டெக்ரேஸ் இருக்கிறது, தலை இருக்கிறது, வால் இருக்கிறது, நடுவில் ஓர் ஓட்டை இல்லை. எங்களிடம் இருக்கும் எதையும் போல இல்லை. கை தட்டினார்கள். கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். பிறருடைய அண்ணன் என்றால் எனக்கும் பரவசமாகத்தான் இருந்திருக்கும்.

ருய்க்கு இன்னொன்று வேண்டியிருந்தது. மருந்து சிலருக்குப் பலிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் தொட்டதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குக் குறிப்பாக. அப்படி இவருக்கும் பலிக்காமல் கிருமி தங்கிவிட்டால், அதே வயிற்றிலிருந்து இரண்டாம் மாதிரி எடுக்கலாம். அவ்வளவு மருந்துக்குப் பிறகும் வைரஸ் உள்ளேயே இருக்கிறதா, வெளியேறிவிட்டதா என்று பார்க்கலாம். யாரும் அப்படிப் பார்த்ததில்லை என்றார். நோயாளியின் மறுபரிசோதனை முடிவைத் தெரிவிக்கும்படி மருத்துவமனைக்கு எழுதினார். தமிழில் ஒரு மரியாதையான வாக்கியம் சேர்க்க என் உதவியைக் கேட்டார். செல்வராணி சிஸ்டருக்கு வணக்கம் என்று எழுதிக் கொடுத்தேன்.

மருந்து முடிந்து, மறுபடியும் மாத்திரை இல்லாத வாரங்களைக் கடந்து, அண்ணன் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். இந்த முறை அவன் எதையும் மறுக்கவில்லை. எதையும் சொல்லவும் இல்லை. போன் செய்தால் மில்லில் இருக்கிறேன் என்பான். சோதனை முடிந்ததா என்றால், "சனிக்கெழம டாக்டரப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பான். அந்தக் குரலை எனக்குத் தெரியும். பயந்தால் அவன் சுருக்கமாகப் பேசுவான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தெரேசா தன் மடிக்கணினியைத் திறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பதில் வந்திருக்கிறது என்றார். எண்ணைச் சொன்னார். பிறகு வாசித்தார். நோயாளி நலமாக இருக்கிறார். புண் ஆறிவிட்டது. மறுபரிசோதனையில் கிருமி இல்லை. ஆகவே இரண்டாம் மாதிரி எடுக்க இயலாது, மன்னிக்கவும். படித்து முடித்ததும் தெரேசா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு நிகழ்ச்சி நிரலின் அடுத்த வரிக்குப் போனார்.

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ, நம் துரதிர்ஷ்டம் என்றார்கள். ருய் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "உனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், உன் ஊர் வைரஸ் ஆயிற்றே" என்றார். ஆமாம் என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு வைரஸுக்காக இவ்வளவு வருத்தப்படும் ஆளைத் தான் பார்த்ததில்லை என்று அன்று மாலை எல்லோரிடமும் சொன்னாராம்.